செவலை தறிக்குழியில் இறங்கிய ஐப்பசி

அந்தக் காலத்தில் கோழிகள் பேசின. பேசியதைவிடக் குறை சொன்னதுதான் அதிகம். ஆனால் மண்ணைக் கிளற மட்டும் அவற்றுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளத் தேவையும் இருக்கவில்லை. சேலைக்கு நீளவாக்கில் ஓடும் நூல்களைப் பாவு என்பார்கள். நெசவாளர் தெருவில் விடிந்ததும் பாவைத் தெருநீளத்துக்கு இழுத்துக் கட்டி, நூல் விறைப்பாக நிற்பதற்காகக் கேழ்வரகுக் கஞ்சி தடவுவார்கள். சொட்டும் கஞ்சியும், சட்டியில் ஒட்டிய பருக்கையும் கோழிகளுக்கு. குனிந்தால் சாப்பாடு, நிமிர்ந்தால் வெயில்.

மழை பிடித்துக்கொண்டால் மட்டும் இந்த ஏற்பாடு கெட்டுவிடும். ஈரத்தில் பாவு காயாது. தெருவில் கஞ்சி சொட்டாது. கோழிகள் கூரைக்கடியில் ஒடுங்கி நின்று வானத்தைத் திட்டும்.

அப்படி ஓர் ஐப்பசியில்தான் மாராயி தன் மகள் பூவாத்தாளுக்குக் கூறைச்சேலை நெய்துகொண்டிருந்தாள். கல்யாணத்துக்கு எட்டு நாள் இருந்தது. பாதிச் சேலை முடிந்திருந்தது. அந்தத் தெருவில் ஒரு கட்டுப்பாடு உண்டு: பெண்ணின் கூறையைப் பெற்ற தாய்தான் நெய்ய வேண்டும். வேறொரு கை பட்டுவிட்டால் அது வெறும் சேலை. அதைக் கட்டிக்கொண்டு மணவறையில் உட்கார முடியாது. அப்பன் நெய்யக்கூடாது, அத்தை நெய்யக்கூடாது, கட்டப்போகிற பெண் திரும்பிக்கூடப் பார்க்கக்கூடாது.

மழை வரப்போவதைப் பார்த்த மாராயி ஒரு காரியம் செய்திருந்தாள். வீட்டில் இருந்த கேழ்வரகு முழுவதையும் கொட்டி, வழக்கத்தைவிடக் கெட்டியாகக் கஞ்சி காய்ச்சிப் பாவுக்குத் தடவியிருந்தாள். ஈரக்காற்றில் நூல் தொய்ந்துவிடக் கூடாது என்பது அவள் கணக்கு. பானையில் ஒரு பிடி மிச்சம் வைக்கவில்லை.

கொல்லையில் இருந்த செவலைக்கோழிக்கு ஒன்பது குஞ்சுகள். மழையின் நாலாம் நாளில் அது ஏழாகியிருந்தது. அன்று மத்தியானம் மாராயி விறகை நனையாமல் எடுத்துவைக்கக் கொல்லைக்குப் போன நேரத்தில் செவலை தறிமேல் ஏறியது. பாவில் பொருக்காகக் காய்ந்திருந்த கஞ்சியைக் கொத்திக் குஞ்சுகளுக்கு உதிர்த்தது. கஞ்சியோடு நூலும் அறுந்தது.

"அடிப் பாவி!"

மாராயி ஓடிவந்தாள். வந்த வேகத்தில் தறிக்குழியின் ஈர விளிம்பில் கால் வழுக்கி உள்ளே விழுந்தாள். தறிக்குழி என்பது நெய்கிறவர் காலைத் தொங்கவிட்டு உட்காரும் பள்ளம். அதற்குள்தான் இரண்டு மிதிகள் இருக்கும். இடது மிதியை அழுத்தினால் பாவில் ஒரு பாதி நூல் மேலே போகும், வலதை அழுத்தினால் மறுபாதி. நடுவில் குறுக்கு நூலைச் சுமந்துகொண்டு நாடா ஓடும். கால் இல்லையென்றால் நெசவு இல்லை. மாராயியின் வலது கணுக்கால் அரை நாழிகைக்குள் சுரைக்காய் மாதிரி வீங்கிவிட்டது.

புருஷன் சடையப்பன் உளுந்து மாவில் முட்டை வெள்ளைக்கரு குழைத்துக் கட்டுப்போட்டான். முட்டை பக்கத்து வீட்டுக் கருங்கோழி கொடுத்தது. "திருப்பித் தர வேண்டாம், எப்படியும் என்னிடம் திரும்பி வராது" என்று சொல்லிவிட்டுத்தான் கொடுத்தது.

"அறுபத்தெட்டு இழை அறுந்திருக்குது" என்றான் சடையப்பன், பாவை எண்ணிப் பார்த்துவிட்டு. "கோழியை அடிச்சுச் சாறு வைக்கட்டுமா? காலுக்கு நல்லது."

"அரிவாளை எடுத்துட்டு வாங்க" என்றாள் மாராயி.

செவலை ஓடவில்லை. குஞ்சுகளை இறக்கைக்குள் தள்ளிக்கொண்டு நின்றது.

"ஓடேண்டி!" என்று சுவர்மேலிருந்து கத்தியது சேவல்.

"நீ ஓடு. உனக்குத்தான் குஞ்சுகுளுவான் தொந்தரவு இல்லை." செவலை மாராயியிடம் திரும்பியது. "அக்கா, தப்புத்தான். ரெண்டு என் கண்ணெதிரிலேயே போச்சுங்க. மூணாவது காலையிலிருந்து கண்ணைத் திறக்கலை. பானையைப் போய்ப் பார்த்தேன், காலி. வீட்டில் இருந்த தானியமெல்லாம் இந்த நூல்மேல்தான் இருந்துச்சு. வேறெங்கே போவேன்?"

மாராயி அடுப்படிப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பானையைக் காலி பண்ணியது அவள்தான். உள் அறையிலிருந்து பூவாத்தாள் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. சேலையைப் பார்க்கக்கூடாது என்பதால் அவள் கதவுக்குப் பின்னாலேயே அழுதுகொண்டிருந்தாள்.

"உன்னை வெட்டினா என் கால் நேராகிடுமா?" என்றாள் மாராயி கடைசியில். "நாலு நாளில் மிச்சச் சேலை முடியணும். இழையை நான் முடிச்சுப் போட்டுக்குவேன், கை நல்லாத்தான் இருக்குது. மிதிக்கக் கால்?"

"என்கிட்டே ரெண்டு இருக்குதுங்களே" என்றது செவலை.

சுவர்மேலிருந்த சேவல் சிரித்த சிரிப்பில் கால் தவறிக் கீழே விழுந்தது.

அறுந்த இழைகளை முடிபோட ஒரு பகலும் ஒரு காலையும் போயின. பிறகு மாராயி கட்டுப்போட்ட காலைப் பலகைமேல் நீட்டிக்கொண்டு தறியில் உட்கார்ந்தாள். குழியில் ஊறிய தண்ணீரைச் சடையப்பன் சட்டியால் இறைத்துக் கொட்டினான். செவலை இறங்கி, இடது மிதியின்மேல் ஏறி நின்றது.

கோழி எடைக்கு மிதி அசையுமா என்று கேட்பவர்கள் கேட்கலாம். அசையவில்லை. செவலை குதித்துப் பார்த்தது. இறக்கையை அடித்துக்கொண்டு விழுந்து பார்த்தது.

"வீட்டில் தின்ன ஏதாவது போட்டிருந்தா எடை இருந்திருக்கும்" என்று முனகியது.

"வாயை வெச்சு மிதிக்க முடிஞ்சா நீ இந்நேரம் முடிச்சிருப்பே" என்றாள் மாராயி.

சடையப்பன்தான் ஒரு வழி கண்டான். இரண்டு மிதிகளிலும் தென்னங்கயிறு கட்டி, குழியின் தரையில் அடித்த முளைக்கு அடியில் நுழைத்துப் பின்னால் விட்டான். செவலை இடது காலால் கயிற்றை நகத்தில் பற்றி, வெடுக்கென்று பின்னால் இழுத்தது. மிதி இறங்கியது. பாவு வாய் திறந்தது. மாராயி நாடாவை எறிந்தாள். வலது காலால் ஓர் இழுப்பு. நாடா திரும்பி வந்தது.

"இன்னொரு தடவை இழு!" என்றாள் மாராயி. அவள் குரல் மூன்று நாளில் முதல்முறையாக மேலே போயிற்று.

இடது, வலது. இடது, வலது. சாயங்காலத்துக்குள் ஒரு முழம் ஆனது. ஒரே ஒரு சிக்கல். காலை அசைக்க முடியாததால் மாராயியால் குனிந்து கீழ்ப்பக்கம் பார்க்க முடியவில்லை. அறுந்த இழை பாவுக்குக் கீழேதான் தொங்கும். பார்க்காமல் விட்டதில் இரண்டு விரல் அகலம் பிரித்து மறுபடி நெய்ய வேண்டியதாயிற்று.

"கீழேயிருந்து உனக்குத் தெரியுமில்லே? நாலு இழுப்புக்கு ஒருதடவை ஓர் எட்டுப் பின்னால் போய், தலையைச் சாய்ச்சு மேலே பாரு. இழை தொங்கினாச் சத்தம் கொடு."

செவலை இழுத்தது, பின்வாங்கியது, ஒரு கண்ணால் பார்த்தது, மறுபடி இழுத்தது. இழை தொங்கினால் "கொக்" என்றது. குழி விளிம்பில் ஏழு குஞ்சுகளும் வரிசையாக உட்கார்ந்து வேடிக்கை பார்த்தன. சடையப்பன் பானையின் அடியைச் சுரண்டி அவற்றுக்குக் கொஞ்சம் கொடுத்தான். அதற்குமேல் கொடுக்க அவனிடம் ஒன்றும் இல்லை.

மூன்றாம் நாள் எதிர்வீட்டு ரங்காத்தாள் எட்டிப் பார்த்துவிட்டாள். தெருவின் கட்டுப்பாடுகளைக் காப்பாற்றுவதற்கென்றே அவள் உயிரோடு இருந்தாள்.

"ஏ மாராயி! கூறையில் வேறு கை படலாமா? இது செல்லுமா?"

"வேறு கையா? எங்கேக்கா இருக்குது?" மாராயி நாடாவை நிறுத்தவில்லை. "நீங்களே குழியில் இறங்கிப் பாருங்க. அதுக்குக் கை இருந்தாக் காட்டுங்க, இப்பவே தறியை விட்டு எந்திரிச்சுக்கிறேன்."

ரங்காத்தாள் குனிந்து பார்த்தாள். செவலை நிமிர்ந்து இரண்டு இறக்கைகளையும் விரித்துக் காட்டியது. ரங்காத்தாள் விதிகளை விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். கட்டுப்பாட்டில் காலைப் பற்றி ஒரு வார்த்தையும் கிடையாது. "நான் இந்தப் பக்கம் வரவேயில்லை" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கல்யாணத்துக்கு முதல்நாள் விளக்கு வைக்கும் நேரத்தில் மாராயி சேலையை அறுத்தெடுத்தாள். மறுநாள் காலையில் பூவாத்தாள் அதைக் கட்டிக்கொண்டு மணவறையில் உட்கார்ந்தாள். முந்தானைக்குப் பக்கத்தில் முடிபோட்ட இடம் ஒரு வரியாக லேசாகத் தடித்திருந்தது. மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் அதை ஒரு புதுவிதக் கரை என்று நினைத்து விசாரித்தார்கள். "எங்க வீட்டு வேலைப்பாடு" என்றாள் மாராயி.

ஆட்கள் சாப்பிட்டு எழுந்தபின் அவள் கம்பை ஊன்றிக்கொண்டு, ஓர் இலையில் சோற்றோடு கொல்லைக்கு வந்தாள். செவலையிடம் ஏதாவது பேச வேண்டும் என்று நினைத்திருந்தாள். ஆனால் அங்கே சேவல் மறுபடி சிரித்துக்கொண்டிருந்தது.

செவலையின் கால்கள் நிற்கவில்லை. தறியும் இல்லை, கயிறும் இல்லை. ஆனால் இடது கால் மண்ணைப் பற்றிப் பின்னால் இழுத்தது, பிறகு வலது. நாலு இழுப்புக்கு ஒருதடவை ஓர் எட்டுப் பின்வாங்கி, தலையைச் சாய்த்துப் பார்த்தது.

"நிறுத்துடி, தெருவே பார்க்குது" என்றது சேவல்.

"நிறுத்தத்தான் பார்க்கிறேன். அதுவா போகுது!"

நாள்கணக்காக மழையில் ஊறிய மண் கட்டிகட்டியாகப் புரண்டது. பின்வாங்கிப் பார்த்த செவலை, "கொக்" என்றது. பழக்கத்தில் வந்த சத்தம்தான். ஆனால் இந்தமுறை அது பார்த்தது இழையை அல்ல. புரண்ட மண்ணில் மண்புழுவும், கறையானும், வெள்ளைவெள்ளையாக ஏதேதோ பூச்சிகளும் நெளிந்துகொண்டிருந்தன. குஞ்சுகள் ஏழும் ஓடிவந்தன. அன்றைக்குக் கண் திறக்காமல் கிடந்த குஞ்சுதான் முதலில் கொத்தியது.

மாராயி இலையோடு நின்றாள். தரையின் அடியில் இவ்வளவு சாப்பாடு இருந்தது அவளுக்கும் தெரியாது, கோழிகளுக்கும் தெரியாது. அடுத்த வீட்டுக் கருங்கோழி வேலிவழியாக நுழைந்து, எதுவும் கேட்காமல், செவலையின் பக்கத்தில் நின்று தன் காலையும் இழுத்துப் பார்த்தது. சேவல் சிரிப்பதை விட்டுவிட்டுக் கீழே இறங்கியது.

கோழிகள் மண்ணைக் கிளறத் தொடங்கியது அன்று முதல்தான். மழையானாலும் வெயிலானாலும் யார் கஞ்சிக்கும் அவை காத்திருப்பதில்லை. நெற்குவியலின் உச்சியில் கொண்டுபோய் விட்டாலும் உடனே கொத்திவிடாது. இடது கால், வலது கால், ஓர் எட்டுப் பின்னால், தலையைச் சாய்த்து ஒரு பார்வை. இழை எதுவும் அறுந்திருக்கவில்லை என்று தெரிந்த பிறகுதான் வாயை வைக்கும்.