மினாராவில் ஏறிய சாட்சி

முன்னொரு காலத்தில் கடலோர நாடு ஒன்றை ஜலீல் ஷா என்ற சுல்தான் ஆண்டுவந்தார். கொடுப்பதில் தாராளம், பொறுப்பதில் பஞ்சம். மாங்காய் ஏன் இன்னும் பழுக்கவில்லை என்று தோட்டக்காரனிடம் விளக்கம் கேட்கிற ஆள்.

அவருக்கும் ரமலான் வந்தது. அந்த ஊரில் பள்ளிவாசலின் நகரா முரசு முழங்கினால்தான் அரண்மனை முதல் குடிசைவரை நோன்பு திறப்பார்கள். நகரா அடிப்பவர் சேகனா லெப்பை. ஒருநாள் சாயங்காலம் சுல்தானே பரிவாரத்தோடு வந்து நகராவுக்கு எதிரில் உட்கார்ந்துவிட்டார். பசியில் முகம் சுண்டிப்போயிருந்தது.

பக்கத்தில் அரசவைக்காரர் மிர்சா தாவூது. லெப்பையின் வேலையைத் தன் மைத்துனனுக்கு வாங்கித்தர வெகுநாளாக அலைகிறவர்.

“ஹுசூர், நாடு உங்களுடையது. அதில் விழுகிற வெயில் மட்டும் யாருடையது? பொழுது போய்விட்டது என்று நீங்கள் சொன்னால் போய்விட்டது.”

“நியாயமான பேச்சு. லெப்பை, அடி.”

லெப்பை மேற்கே பார்த்தார். தென்னை மட்டைகளுக்கு மேலே சூரியன் இன்னும் சாவகாசமாக நின்றது. இப்போது அடித்தால், நாளெல்லாம் வெயிலில் வலை இழுத்தவன்கூட இந்தக் கையை நம்பித் தண்ணீரை வாயில் விட்டுவிடுவான். ஊர் நோன்பு மொத்தமும் வீண்.

“என்ன யோசனை?” என்றார் மிர்சா. “அடிக்காவிட்டால் விடிவதற்குள் பெண்டாட்டி பிள்ளைகளோடு எல்லையைத் தாண்ட வேண்டியதுதான்.” சுல்தானும் தலையாட்டினார்.

லெப்பை குச்சியைக் கையில் எடுத்தார்.

“அடிக்கிறேன் ஹுசூர். முறையோடு அடித்துவிடுவோம். பிறை பார்த்தவர் சாட்சி சொன்னால்தானே ரமலானே தொடங்குகிறது? பொழுதுக்கும் ஒரு சாட்சி இருக்கட்டும். பள்ளிவாசல் கோபுரம், இந்த மினாரா உச்சியில் நின்று, ‘சூரியன் இறங்கிவிட்டது, சத்தியம்’ என்று ஊர் கேட்கச் சொல்லி, அவரே முதல் பேரீச்சம்பழத்தை வாயில் போடட்டும். உடனே நகரா.”

“யார் ஏறுவது?”

“பொழுது போனதைத் தரையிலிருந்தே பார்த்துவிட்ட மிர்சா சாகிப் இருக்க, வேறு யார் ஹுசூர்?”

மிர்சா பழமும் கையுமாக ஏறினார். தொந்தி முன்னே போக, மூச்சு பின்னே வந்தது. பாதி வழியில் ஒரு சாளரத்தில் முகம் தெரிந்தது.

“கொஞ்சம் ஆசுவாசப்படுத்திக்கொள்கிறேன் ஹுசூர்.”

“ஏறும் ஐயா, ஏறும்.”

உச்சிக்குப் போனால் சூரியன் நேராக முகத்தில் அடித்தது. உயரத்தில் அது இன்னும் அதிக நேரம் தெரியும். கீழே தெருவெல்லாம் ஜனங்கள், கஞ்சிக் கிண்ணத்தோடு அண்ணாந்து அவரையே பார்த்துக்கொண்டு.

“மிர்சா, என்ன தெரிகிறது?”

“கடல் தெரிகிறது ஹுசூர்.”

“பொழுது?”

“அது... ஒரு ஓரமாக இருக்கிறது.”

“பழத்தைத் தின்னும்.”

“தின்னத்தான் போகிறேன்.”

கை வாய்வரை போனது. திரும்பி வந்தது. மறுபடி போனது. சுல்தான் தொடையைத் தட்டிச் சிரித்தார். “இறக்கிவிட்டான் பார். இதோ, மறுபடி தூக்குகிறான்.”

கடைசியில் மேலிருந்து கத்தல் கேட்டது: “இறங்கிவிட்டது ஹுசூர், சத்தியமாக இறங்கிவிட்டது!”

சுல்தான் திரும்பினார். மேற்கே சிவப்பு மட்டும் மிச்சம். லெப்பை நகராவை முழக்கினார். ஊர் நோன்பு திறந்தது.

கஞ்சி குடித்து முடித்த சுல்தான், “என்னை ஏமாற்றிவிட்டாயே லெப்பை” என்றார்.

“சாட்சிதான் கேட்டேன். பொறுத்தது நீங்கள்.”

மிர்சா கீழே வந்து சேர்ந்தார். கையில் பழம் கசங்கிக் கிடந்தது.

“என் நோன்பை முறிக்க வழி சொன்னீர். உம்முடையதை முறிக்கக் கை வரவில்லை. இந்த மாதம் முழுக்கத் தினமும் நீர்தான் சாட்சி” என்றார் சுல்தான். தம் சால்வையை எடுத்து லெப்பைக்குப் போர்த்தினார். “உனக்குப் பசிக்காதா?”

“பசிக்கும் ஹுசூர். நானும் மேற்கைத்தான் பார்ப்பேன். பொழுதை இறக்குவது அல்லாஹ்வின் வேலை. அதுவரை குச்சியைச் சும்மா பிடித்துக்கொண்டிருப்பது என் வேலை. சில நாள் கை வலிக்கும்.”

மறுநாள் சுல்தான் சீக்கிரமே வந்து, “குச்சியை இன்றைக்கு நான் பிடிக்கிறேன்” என்றார். வெயில் தென்னை மட்டைக்கு வந்தபோது அவர் கை லேசாக அசைந்தது.

“இன்னும் இல்லை ஹுசூர்” என்று மினாராவிலிருந்து அலறினார் மிர்சா.

“உம்மை யார் கேட்டது?” என்றார் சுல்தான். குச்சியை இறுகப் பிடித்துக்கொண்டு மேற்கையே பார்த்தார்.