எயினனின் தோள்வளை

அநியாயம் நடந்தது எயினனுக்கு. அவன் தோளில் ஏற வேண்டிய பொன்வளை அவனுடைய தலைவன் கொற்றனின் தோளில் ஏறியது. வாளைக் காட்டிப் பறித்ததாக இருந்தாலாவது ஊர் பேசியிருக்கும். பறித்தது ஒரு நூல்.

அந்த நாட்டில் ஒரு வழக்கம். போரில் பெருஞ்செயல் செய்தவனுக்கு அரசன் தோள்வளை கொடுப்பான். அதற்காகத் தலைநகருக்குப் பெயரை எழுதி அனுப்பமாட்டார்கள். ஒரே பெயரில் படையில் முப்பது பேர் இருப்பார்கள். தலைவன் போய், அந்த வீரனின் வலத்தோளை நூலால் சுற்றி, அளவில் முடிச்சிட்டு, நூலை மட்டும் அனுப்ப வேண்டும். அந்த அளவுக்குப் பொற்கொல்லன் வளை செய்வான். எவன் தோளுக்குப் பொருந்துகிறதோ அவனே வீரன். அதற்குமேல் சாட்சி கேட்கமாட்டார்கள்.

பன்னிரண்டு ஆண்டுகள் அந்த வளை கொற்றனின் தோளில் இருந்தது. பிறகு அவன் வாளை விட்டான், தலையை மழித்துக்கொண்டான், வெண்குன்றத்துச் சமணப் பள்ளியில் மாணவனாகச் சேர்ந்தான். அங்கே கற்பித்தவர் ஒரு பெண் துறவி. பெண் குருவைக் குரத்தியார் என்பார்கள். வயதில் அவர் கொற்றனின் மகளைவிட இளையவர்.

தீட்சைக்கு ஐந்து நாள் இருக்கும்போது கொற்றன் வளையைக் கழற்றிக் கொண்டுவந்து அவர் முன் வைத்தான்.

“இதைப் பள்ளி எடுத்துக்கொள்ள வேண்டும், அடிகளே. உருக்கி விளக்குச் செய்யலாம்.”

குரத்தியார் அதைத் தொடவில்லை. “எதற்காகக் கிடைத்தது?”

“ஆற்றுத்துறையில் பகைவர் வந்தபோது, நம் படை அக்கரை சேரும்வரை ஒரு வீரன் ஒற்றையாக நின்று தடுத்தான். அதற்காக.”

“நீரா அந்த வீரன்?”



“இல்லை. எயினன் என்பவன். அளவெடுக்க நூலோடு மருத்துவன் கூடாரத்துக்குப் போனேன். அவன் நினைவில்லாமல் கிடந்தான். வலக்கை தோளோடு போயிருந்தது. கையில் நூலை வைத்துக்கொண்டு நின்றேன். கையில்லாதவனுக்குத் தோள்வளை எதற்கு என்று தோன்றியது. தூதன் வெளியே அவசரப்படுத்தினான். என் தோளிலேயே சுற்றி முடிச்சுப் போட்டேன்.”

இடத்தோள் இருந்ததே, அதை ஏன் அளக்கவில்லை என்று கேட்கத் தோன்றுகிறதா? குரத்தியாருக்கும் தோன்றியது. கேட்டார்.

“வலத்தோள்தான் வழக்கம்” என்றான் கொற்றன்.

“அடுத்தவன் தோளை அளப்பதும் வழக்கமோ?”

அவன் தலை குனிந்தான். “எனக்கு மன்னிப்பு உண்டா, அடிகளே?”

“அதை என்னிடம் ஏன் கேட்கிறீர்? கையை இழந்தவள் நானா? அவர் எங்கே இருக்கிறார்?”

“கடற்கரையில், உப்பளத்தில் என்று கேள்வி.”

“எழுந்திரும்.”

இரண்டு நாள் நடந்தார்கள். மூன்றாம் நாள் காலை உப்பளத்தில் எயினனைக் கண்டார்கள். உப்பு வாரும் பலகையின் காம்பைக் கழுத்தோடு அணைத்துக்கொண்டு, ஒற்றைக் கையால் இழுத்துக்கொண்டிருந்தான். கொற்றனைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது.

“வாருங்கள் தலைவரே. என்ன, தலை மொட்டை? பேன் தொல்லையா?”

கொற்றனால் சிரிக்க முடியவில்லை. மடியிலிருந்த வளையை எடுத்து நீட்டினான். “இது உன்னுடையது.”

எயினன் குனிந்து பார்த்தான். “பளபளப்புக் குறையவில்லையே! நன்றாகத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்.”

“கையில்லாதவனுக்கு எதற்கு என்று நினைத்துவிட்டேன், எயினா.”

“கை இருக்கிறவனுக்குத்தான் அது நகை, தலைவரே. எனக்கு அது வாய். இந்த நாட்டில் வலக்கை இல்லாமல் திரிகிறவன் யார்? நீங்களே சொல்லுங்கள்.”

கொற்றனுக்கு விடை தெரியும். அந்த நாட்டில் எல்லோருக்கும் தெரியும். அது திருட்டுக்குத் தண்டனை. அப்படி இரண்டு பேருக்குக் கையெடுக்கும்போது அவனே அருகில் நின்றிருக்கிறான். ஆனால் பன்னிரண்டு ஆண்டில் ஒருநாள்கூட அதையும் எயினனையும் சேர்த்து நினைத்ததில்லை.

“திருடன்” என்றான் மெதுவாக.

“ஆமாம். எந்த ஊருக்குப் போனாலும், என்ன திருடினாய் என்றுதான் முதல் கேள்வி. ஆற்றுத்துறைக் கதையைச் சொல்வேன். அப்படியானால் தோள்வளை எங்கே என்பார்கள். நியாயமான கேள்விதானே? நானாக இருந்தாலும் கேட்டிருப்பேன்.”

“அக்கரையிலிருந்து உன்னைப் பார்த்த வீரர்கள்?”

“தலைவர் தோளில் வளை ஏறிய பிறகு எவன் வாயைத் திறப்பான்? நீங்கள் திறக்கவிட்டிருப்பீர்களா?”

குரத்தியார் உப்புக் குவியலருகே உட்கார்ந்தார்.

“வீட்டில் யார் இருக்கிறார்கள், ஐயா?”

“யாருமில்லை, தாயே. பெண்டாட்டி முன்னமே செத்துப்போனாள். நங்கை என்று ஒரு மகள் இருந்தாள். எனக்காக ஊரோடு சண்டை போட்டவள். தண்ணீர்த் துறையில் ஒருத்தி திருடன் மகளே என்று சொன்னதற்குக் குடத்தால் அவள் மண்டையை உடைத்துவிட்டு வந்தாள்.” சொல்லும்போது எயினன் முகத்தில் கொஞ்சம் பெருமைகூட வந்தது. பிறகு போய்விட்டது. “ஒருநாள் சோறு போட்டுக்கொண்டே கேட்டாள்: அப்பா, நான் யாரிடமும் சொல்லமாட்டேன். என்னிடம் மட்டும் சொல்லுங்கள். என்னதான் எடுத்தீர்கள்?”

காற்றில் உப்பு மணம் வந்தது.

“நான் எழுந்து வெளியே போய்விட்டேன். அவள் அதைப் பதிலாக எடுத்துக்கொண்டாள் போல. அடுத்த பருவத்தில் உப்பு ஏற்ற வந்த வண்டிக்காரன் ஒருவனோடு போனாள். தகப்பன் செத்துவிட்டான் என்று சொல்லிக் கல்யாணம் செய்துகொண்டாளாம். அதுவும் அடுத்தவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.”

“இப்போது எந்த ஊரில் இருக்கிறாள்?” என்று கேட்டான் கொற்றன்.

“உப்பு வண்டிக்காரர்களுக்கு ஊர் ஏது? வண்டி நிற்கிற இடந்தான் வீடு.”

கொற்றன் அழுதான். அழுதுகொண்டே முழந்தாளிட்டு, எயினனின் இடத்தோளில் வளையை ஏற்றினான். அது நிற்கவில்லை. வழுக்கி முழங்கையில் வந்து தொங்கியது.

“எப்படி நிற்கும்?” என்றான் எயினன். “முடிச்சு உங்கள் தோளில் போட்டது. நின்றாலும்தான் என்ன? இதோடு நான் சந்தைக்குப் போனால், அடடா, இவன் திருடியது இதைத்தானா என்பார்கள்.”

சொல்லிவிட்டு அவனே சிரித்தான். கூடச் சிரிக்க ஆளில்லை. கையை உதறினான், வளை உப்பில் விழுந்தது.

கொற்றன் அதை எடுத்துக்கொண்டு எழுந்தான். “கடலில் எறிந்துவிடுகிறேன்.”

“யாருடைய பொருளை யார் எறிவது?” என்றார் குரத்தியார். அவர் குரல் உயர்ந்ததை அவன் அதுவரை கேட்டதில்லை. “போட்டுக்கொள்ளும்.”

“அடிகளே?”

“உம் தோளுக்குத்தானே அது நிற்கிறது? போட்டுக்கொண்டு உப்பு வண்டிகள் போகிற வழியெல்லாம் போம். வளையைக் கண்டால் சாவடியில் எழுந்து நிற்பார்கள், கும்பிடுவார்கள். அப்போது சொல்லும். எயினனின் வளை இது, நான் எடுத்தேன் என்று சொல்லும். நூல் அளந்த கதையையும் விடாமல் சொல்லும்.”

“பொன் பூண்டவனுக்குத் தீட்சை கிடையாதே.”

“கிடையாது.”

கொற்றன் வளையைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றான். எயினன் பலகையை எடுத்துக்கொண்டு வேலைக்குத் திரும்பியிருந்தான். ஆனால் இழுக்கவில்லை, காது இங்கே இருந்தது.

“எதுவரை சொல்லிக்கொண்டு போக வேண்டும்?”

“நங்கையின் காதில் விழும்வரை.”

“எந்தச் சாவடியில், எந்தக் கூட்டத்தில் அவள் இருப்பாளோ! என்னிடம் வந்து சொல்வாளா? அவள் கேட்டுவிட்டாள் என்று எனக்கு எப்படித் தெரியும், அடிகளே?”

“உமக்குத் தெரிய வேண்டாம், கொற்றனாரே. அவள் இங்கே வந்து நின்றால் இவருக்குத் தெரியும். அது போதும்.”