ஆணி தேடிய கரடி

மலையடிக் காட்டுக் குளத்தில் ஒரு கரடியின் இடுப்பளவுத் தண்ணீர்தான் மிச்சம் இருந்தது. அதன் கரையில் அந்தக் கரடி வலது பின்காலைத் தூக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தது. உள்ளங்காலில் ஒரு தடிப்பு; நடுவில் மிளகளவு கெட்டி. ஊன்றினால் உயிர் போனது.

குளத்து ஆமை மெல்ல வந்து பார்த்தது.

"எங்கே, இரண்டு பக்கமும் கிள்ளு!"

"வலிக்கவில்லை, அக்கா."

"நேராக அழுத்து!"

"ஐயோ!"

"கறுப்புப் புள்ளியும் இல்லை. அப்படியானால் மரு இல்லை. முள்ளும் இல்லை. இது கால் ஆணி, தம்பி. தினமும் எதன்மேல் நிற்கிறாய்?"

கரடி வெட்கத்தோடு அத்திமரத்தடியைக் காட்டியது. அங்கே ஒரு கூர்க்கல். மரம் ஏறச் சோம்பல்பட்டு, அதன்மேல் நின்றே தாழ்ந்த கிளையை எட்டும். நாளுக்கு நாற்பது தடவையாவது நிற்கும்.

"அந்தக் கல்லை இன்றோடு விடு. தினம் இரண்டு வேளை பாதத்தைத் தண்ணீரில் ஊறவை. தோல் மெத்தென்று ஆனதும் சொரசொரப்பான பாறையில் மெதுவாகத் தேய். ரத்தம் வரும்படி தேய்க்காதே. பதினைந்து நாளில் சரியாகும். குளம் வற்ற இன்னும் இருபத்திரண்டு நாள் இருக்கிறது. எல்லோரோடும் நீயும் ஆற்றுக்கு நடந்துவிடலாம்."

ஆறு மூன்று காத தூரம். நடக்க முடியாதவன் தாகத்தில் சாக வேண்டியதுதான். கரடிக்கு அது தெரியும். சொன்னபடியே செய்தது.

ஐந்தாம் நாள் முள்ளம்பன்றி அந்தப் பக்கம் வந்தது. தன்னைத் தானே வைத்தியர் என்று சொல்லிக்கொண்டு காட்டில் திரியும் பிராணி அது.

"என்ன கரடியாரே! ஊறுகாய் கேள்விப்பட்டிருக்கிறேன். இது என்ன, ஊறுகாலா?"

"கால் ஆணி, வைத்தியரே. நாலு நாளாக ஊறவைக்கிறேன்."

"வலி குறைந்ததா?"

"பாதி குறைந்துவிட்டது. ஆனால் ஆணி இன்னும் வெளியே வரவில்லையே!"

முள்ளம்பன்றி விழுந்து விழுந்து சிரித்தது. "எப்படி ஐயா வரும்? ஆணியை ஊறவைத்தால் துருத்தான் பிடிக்கும்! ஆணி என்றால் பிடுங்க வேண்டும்!"

கரடிக்கு அது நியாயமாகப் பட்டது. பெயரே ஆணிதானே! "பிடுங்குங்கள்!" என்று காலை நீட்டியது.

"வேண்டாம், தம்பி! உள்ளே ஒன்றும் இல்லை. தோல்தான் இறுகியிருக்கிறது!" என்று ஆமை கத்தியது.

"சும்மா இரு! ஓட்டைவிட்டு வெளியே வராத உனக்கு வைத்தியம் என்ன தெரியும்?"

முள்ளம்பன்றி மண் படிந்த முள் ஒன்றால் தோண்டியது. ரத்தம் வந்தது, ஆணி வரவில்லை. "இன்னும் ஆழத்தில் இருக்கிறது!" என்று மறுபடி தோண்டியது. மூன்று முறை தோண்டியது. கரடி பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தது. "உங்கள் ஆணி ரொம்பக் கெட்டி, கரடியாரே! என் மேல் பழி இல்லை!" என்று முள்ளைத் துடைத்துக்கொண்டு அது போய்விட்டது.

எட்டாம் நாள் புண் சீழ் வைத்தது. பதினாலாம் நாள் வீக்கம் முழங்காலுக்கு ஏறியது. ஆமை கழுவச் சொன்னது. கரடி கழுவிக் கழுவிப் பார்த்தது. பயன் இல்லை.

பத்தொன்பதாம் நாள் மிருகங்கள் எல்லாம் ஆற்றுக்குக் கிளம்பின. கரடியும் கிளம்பியது. முப்பத்தோரு அடி வைத்தது. முப்பத்திரண்டாவது வைக்க முடியவில்லை. மான்கள் திரும்பிப் பார்த்தன. ஆனால் நிற்கவில்லை, அவற்றின் குட்டிகளுக்கும் தாகம்.

கரடி தவழ்ந்தே குளத்துக்குத் திரும்பியது.

"அக்கா, அந்த ஆணி இப்போதும் உள்ளேதான் இருக்கிறதா?"

"அது ஒருநாளும் உள்ளே இருந்ததில்லை, தம்பி."

கரடி விரல்விட்டு எண்ணிப் பார்த்தது. பிறகு, "பதினைந்து நாள் என்று சொன்னீர்கள். நான் நாலு நாள் முடித்திருந்தேன். பதினொன்றுதான் பாக்கி" என்றது.

ஆமை சேற்றுக்குள் புதைந்து மழைக்குக் காத்திருக்க வேண்டிய வேளை வந்துவிட்டது. கரடிக்கு அந்த வித்தை தெரியாது. இருபத்திரண்டாம் நாள் குளம் வற்றியது. கரையில் படுத்த கரடி மறுபடி எழுந்திருக்கவில்லை.

நோயின் பெயரைப் பார்த்து வைத்தியம் செய்துகொள்பவன் கெடுவான்; அது வந்த காரணத்தைப் பார்த்து, ஆறும் நாள்வரை பொறுப்பவனே பிழைப்பான்.