பள்ளம் என்று சொல்லாத பல்லக்கு

முன்னொரு காலத்தில் மாந்துறை நாட்டைச் சண்டமாருத பூபதி என்று ஒரு ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனுஷர்தான். ஆனால் கடைசியாக யார் காதில் ஓதினார்களோ அவர்கள் பேச்சே அவருக்கு வேதம்.

ஒருநாள் திருவிழாக் கூட்டத்துக்கு நடுவே அவருடைய பல்லக்கு பள்ளத்தில் இடறியது. கிரீடம் ஒரு பக்கம், ராஜா ஒரு பக்கம் என்று தெருவில் உருண்டார்கள். சிரிப்பை அடக்க ஜனங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல.

"தூக்கிய நாலு பேரும் பெண்டு பிள்ளைகளோடு நாளைப் பொழுது சாய்வதற்குள் நாட்டை விட்டுப் போகட்டும்!" என்று ராஜா கர்ஜித்தார்.

"அப்படிச் சொல்லுங்கள் பிரபு!" என்று தாளம் போட்டார் பல்லக்கு அதிகாரி சடகோபராயர்.

அமைச்சர் வெள்ளியங்கிரிக்கு மனசு கேட்கவில்லை. இருபது வருஷமாக ஒரு குலுக்கல் இல்லாமல் தூக்கியவர்கள் அவர்கள். நேரே பல்லக்குக் கொட்டிலுக்குப் போனார். ஒரே பானையில் கூழ் குடித்துவந்த நாலு பேரும் இப்போது ஆளுக்கொரு மூலையில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்கள். யாரைக் கேட்டாலும் அடுத்தவனைக் கைகாட்டினான். நாலு பேர் தோளிலும் புதுப் பட்டுத் துண்டு.

"ஏதப்பா இந்தப் பட்டு?"

பல்லக்கின் முன்கொம்பு பிடிக்கிற இருளப்பன் தலையைக் குனிந்துகொண்டான். "கூட்டாளி மேல கோள் சொன்னா ராயர் குடுக்கிறதுங்க. நானும் வாங்கிட்டேன். வெக்கமாத்தான் இருக்கு."

"முன்னால் போகிறவன் நீ. பள்ளம் உன் கண்ணில் படவில்லையா?"

"பட்டுச்சுங்க. முந்தியெல்லாம் 'பள்ளம்', 'கல்லு'ன்னு குரல் குடுப்போம். பின்னால வர்றவனுக்குப் பல்லக்கு மறைக்குமில்ல? அதைக் கேட்டுத்தான் அவன் கால் வைப்பான். மகாராஜா நாட்டுல பள்ளம் இருக்குன்னு சொல்றது துரோகம்னு ராயர் சட்டம் போட்டுட்டாரு. வாயைத் தொறந்தவன் பகல் பூரா வெயில்ல நிக்கணும். மகாராஜாவும் சரின்னுட்டாருங்களே."

வெள்ளியங்கிரிக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. ஆனால் அமைச்சர்மேல் தீராத பொறாமை கொண்டவர் ராயர்; நேரில் குற்றம் சொன்னால் உடனே ராஜாவின் காதைக் கடித்து அவர் மனசை மாற்றிவிடுவார். அதனால் மறுநாள் காலை அவையில் அமைச்சர் தேன் ஒழுகப் பேசினார்.

"மகாராஜா, பல்லக்கைக் கவிழ்த்தது யாரென்று கண்டுபிடித்துத் தருகிறேன். அதற்கு ராயரின் கூர்மையான கண் வேண்டும். அவர் ஒருநடை பின்கொம்பு பிடிக்கட்டும். உள்ளே நான் உட்காருகிறேன்."

"கண்டுபிடிக்காவிட்டால் நீரும் அவர்களோடு கிளம்ப வேண்டியதுதான்!" என்றார் ராஜா.

ராயர் திருதிருவென்று விழித்தார். இத்தனை பேர் முன்னால் புகழ்ந்த பிறகு மறுக்கவும் முடியவில்லை. வேட்டியை வரிந்து கட்டிக்கொண்டு இருளப்பனுக்கு நேர் பின்னால் கொம்பைத் தோளில் வாங்கினார். ராஜா யானைமேல் ஏறிக் கூடவே வந்தார்.

கடைத்தெருத் திருப்பத்தில் சாணமும் மழைத்தண்ணீரும் ஊறிய ஒரு குழி. இருளப்பன் பார்த்தான். சட்டப்படி வாயை மூடிக்கொண்டு தாண்டினான். ராயர் கால் வைத்ததுதான் தாமதம், முகம் குப்புற உள்ளே விழுந்தார். சாய்ந்த பல்லக்கில் அமைச்சரின் நெற்றியும் புடைத்தது.

"அடப் பாவிகளா! பள்ளம் இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்று ராயர் கத்தினார்.

"சொன்னா வெயில்ல நிக்கணுமுங்களே, சாமி!" என்றான் இருளப்பன்.

ராஜாவின் முகம் வெளிறியது. "அந்தச் சட்டத்துக்குத் தலையாட்டியவன் நான்தானே" என்றார் மெதுவாக.

அமைச்சர் நெற்றியைத் தடவிக்கொண்டே வெளியே வந்தார். "நாலு வாய்க்கும் பூட்டுப் போட்டு, ஒருவனுக்கொருவன் ஒற்றனாகவும் ஆக்கிவிட்டோம். கால் எப்படி, பிரபு, ஒத்துப்போகும்?"

ராஜா அங்கேயே தீர்ப்புச் சொன்னார். நாடு கடத்தல் ரத்து. ராயருக்கு ஆறு மாதம் பின்கொம்பு. முன்னால் போகிறவர்கள் தொண்டை கிழியக் குரல் கொடுக்கலாம். அமைச்சருக்குத் தம் கழுத்து முத்துமாலை. பிறகு இருளப்பன் பக்கம் திரும்பி, "வேறு ஏதும் குறை உண்டா? பயப்படாமல் சொல்" என்றார்.

இருளப்பன் கூட்டாளிகளைப் பார்த்தான். மூன்று பேரும் தலையசைத்தார்கள்.

"மகாராஜா கோவிச்சுக்கக் கூடாது. உங்க கனம் வருஷா வருஷம் ஏறிக்கிட்டே போகுது. தோளு தாங்கலீங்க."

தெருவே மூச்சை அடக்கியது. ராஜா இருளப்பனை முறைத்தார், தம் தொந்தியை ஒருமுறை குனிந்து பார்த்தார், யானையிலிருந்து இறங்கினார்.

"அரண்மனைக்கு நடந்தே வருகிறேன்" என்றார். "யாராவது முன்னால் ஓடி மடைப்பள்ளியில் சொல்லுங்கள், இன்றைக்கு நெய்ப்பொங்கல் வேண்டாம்."