தேசிங்கு போட்ட டவுசர்

ராயபுரம் குத்துச்சண்டை கிளப்புக்கு மார்க்கபந்துதான் தலைவர். எந்த நாட்டுக்காரன் எப்படிக் குத்துவான் என்று ஆரம்பித்தால், கையிலிருக்கும் டீ ஆறிப்போகும் வரை பேசுவார். “மெக்சிகோக்காரன் விலாவை உடைப்பான். ஜப்பான்காரன் களைக்கவே மாட்டான். நம்ம ஆளா? காத்துல கை வீசுவான்!”

தொழில்முறைப் போட்டிக்குப் பெயர் கொடுக்க வந்த தேசிங்கை, ஊர் பக்கத்துக் காசிமேடு என்று சொன்னதுமே, முகத்தைக்கூடப் பார்க்காமல் அனுப்பிவிட்டார். கிளப் ஆட்களிடம், “போய் ஒரு மெக்சிகோக்காரனைக் கூட்டிட்டு வாங்க. இல்லேன்னா போட்டியே கிடையாது!” என்றார்.

கிளப்புக்கு டவுசர் தைக்கும் அமலி, “அதுக்கென்ன தலைவரே, நாளைக்கே வருவான்” என்றாள்.

மறுநாள் பயிற்சிச் சண்டைக்கு, மெக்சிகோ கொடி நிறத்து டவுசரில் ஒருவன் மேடையேறினான். வாயில் பல் கவசம் இருந்ததால் பேச்சில்லை. இரண்டாவது ரவுண்டிலேயே எதிராளி சுருண்டு விழுந்தான்.

தலைவர் எழுந்து நின்று கைதட்டினார். “பாத்தீங்களா, அந்த மண்ணோட அடியை! தம்பிக்கு எந்த ஊரு?”

அவன் பல் கவசத்தைக் கழற்றினான். “காசிமேடு, தலைவரே. நேத்து வந்தேனே!”

தலைவர் அமலியை முறைத்தார்.

“நான் டவுசர்தான் தைச்சேன்” என்றாள் அவள். “கைதட்டினது நீங்க.”

தலைவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. “சரி, போட்டியில இவனே இறங்கட்டும். நம்ம காசிமேட்டுக்கு என்ன கலரு அமலி? அதுல ஒண்ணு தைச்சுடு!”