அடக்கி வைத்த அழுகை

பண்ணையார் செத்துக் கிடந்தார். கூடியிருந்த ஊரில் ஒரு கண்கூட நனையவில்லை. அவர் மகன் சின்னப் பண்ணையாருக்கு மானம் போயிற்று. ஒப்பாரி பாட வந்த வெள்ளத்தாயை அதட்டினார்: "பாடை தூக்குறதுக்குள்ள ஊரே அழணும். இல்லேன்னா உனக்கு இங்க குடிசை கிடையாது."

வெள்ளத்தாய் பெண்களிடம் போய்க் காதோடு காதாக ஏதோ சொன்னாள். அடுத்த நிமிஷம் தெருவே மாரடித்துக் கதறியது.

சின்னப் பண்ணையாருக்குப் பெருமை தாங்கவில்லை. "அப்படி என்னத்தச் சொன்ன?"

"உங்க கிணறு வெட்டையில மண் சரிஞ்சு எங்க பிள்ளைக செத்தப்ப, உங்க கல்யாணத்துக்கு ஆகாதுன்னு எங்களை அழவிடலையே சாமி. அதை இன்னைக்கு அழுதுக்கிடுங்கன்னேன்."

நிறுத்தச் சொல்ல வாயெடுத்தார். அப்பன் பிணத்தை வைத்துக்கொண்டு யாரைப் பார்த்து அழாதே என்பது?

வெள்ளத்தாய் கூட்டத்தோடு உட்கார்ந்தாள். தன் பிள்ளை பேரைச் சொல்லி, முதல் தடவையாகச் சத்தம் போட்டு அழுதாள்.