அடுப்பை எண்ணக் கோபுரம் ஏறிய அரசன்

அந்தக் காலத்தில் மருதங்காடு என்றொரு நாடு இருந்தது. அதைக் கோதண்டராசன் என்றொருவன் ஆண்டான். காலையில் ஒரு சட்டம் போடுவான். மத்தியானச் சாப்பாட்டில் உப்புக் குறைந்தால் அதை மாற்றிவிடுவான்.

அவனுடைய அமைச்சர் திருமேனியார். பாவம், சபைக்குப் போவதென்றாலே அவருக்குக் காது வலிக்கும். அரியணைக்கு வலப்பக்கம் ஒரு வரிசை, இடப்பக்கம் ஒரு வரிசை. இவர்கள் ஆம் என்றால் அவர்கள் இல்லை என்பார்கள். வலவரிசைக்குத் தலைவர் வல்லபராயர். அமைச்சர் ஆசனத்தின் மேல் அவருக்கு வெகுநாளாக ஒரு கண். இடவரிசைக்குத் தலைவர் அனந்தபத்மர். சபைக்குள் இருவரும் கீரியும் பாம்பும், வெளியே சம்பந்திகள். இவர் மகளை அவர் மகனுக்குத்தான் கொடுத்திருந்தது.

அந்த வருஷம் அரசன் அடுப்புக்கு வரி போட்டான். வீட்டில் எத்தனை அடுப்பு எரிகிறதோ அத்தனை வரி. சனங்கள் அடுப்பை ஒளிக்கிறார்கள் என்று பேச்சு வந்ததும் சபை இரண்டுபட்டது. உயரமாகக் கோபுரம் கட்டி, எந்தக் கூரையில் எத்தனை புகை எழுகிறதென்று ஆள்வைத்துப் பார்க்க வேண்டும் என்றார் வல்லபராயர். அடுத்தவன் சமையலறையை வேவு பார்ப்பது கேவலம், பேசாமல் வரியை இரட்டிப்பாக்கினால் போதும் என்றார் அனந்தபத்மர். கசானா இடவரிசையின் கையில் இருந்த காலத்தில் இதே பேச்சை ஆள்மாற்றிப் பேசினார்கள். அது திருமேனியாருக்கு மட்டும்தான் நினைவிருந்தது. இந்த வாதம் முடிவதற்குள்ளேயே ஆசைப்பட்டு அரசன் கோபுரத்தைக் கட்டிவிட்டான்.

ஒருநாள் நெசவாளர் தெருவிலிருந்து செங்கம்மா என்பவள் அமைச்சருக்கு வேட்டி கொண்டுவந்தாள். இதுதான் கடைசி வேட்டி என்றாள். ஏன் என்று கேட்டார்.

"சோத்துக்கு ஒரு அடுப்பு, தறியில ஏத்துற பாவு நூலுக்குக் கஞ்சி காய்ச்ச ஒரு அடுப்புங்கய்யா. ரெண்டுக்கும் வரி கட்ட எங்களால ஆகல. மேல ஏறிப் பாத்தாலும் சரி, வரிய ஏத்தினாலும் சரி, எங்களுக்கு ஒண்ணுதான். அடுப்ப அணைச்சாச்சு, தறியும் நின்னுபோச்சு. பௌர்ணமிக்குத் தெருவோட கிளம்புறோம்."

திருமேனியாருக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாள் சபையில் வல்லபராயர் எழுந்தார். அமைச்சர் இப்படியும் சொல்லாமல் அப்படியும் சொல்லாமல் கொட்டாவி விடுகிறார், பௌர்ணமிக்குள் இந்த வழக்கை முடிக்கட்டும், இல்லாவிட்டால் முத்திரை மோதிரத்தைக் கழற்றட்டும் என்றார். அரசனுக்கு அது வேடிக்கையாக இருந்தது, சரியென்றான். மோதிரத்தை அப்போதே கழற்றிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்கலாமா என்றுதான் திருமேனியாருக்குத் தோன்றியது. ஆனால் அந்தத் தெரு காலியாகிவிடுமே! அதனால் ஒன்றே ஒன்று கேட்டார்: வெள்ளிக்கிழமை காலையில் மகாராசாவே கோபுரம் ஏறிப் பார்க்க வேண்டும். அரசன் குழந்தையைப் போல் மகிழ்ந்துபோனான்.

வெள்ளிக்கிழமை சம்பந்திகளின் பேரனுக்குக் காதுகுத்து. இரண்டு மாளிகையிலும் பெரிய சமையல். அந்த நாளாகப் பார்த்துத்தான் திருமேனியார் கேட்டிருந்தார். முதல்நாள் வல்லபராயர் வீட்டுக்குப் போய், மகாராசா நாளை உங்கள் வீட்டுப் புகையைப் பார்க்கப்போகிறார் என்று சொல்லிவைத்தார். பிறகு அனந்தபத்மர் வீட்டுக்குப் போய் அதையே சொன்னார். சம்பந்தி வீட்டையும் பார்ப்பாரா என்று இருவருமே கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை.

விடிந்தது. அரசன் மூச்சிரைக்கக் கோபுரம் ஏறினான். இரண்டு தலைவர்களும் கூட நின்றார்கள். இரண்டு மாளிகையிலும் ஒற்றைப் புகைதான் எழுந்தது. இருவர் முகத்திலும் பெருமை தாங்கவில்லை.

ஆனால் தேரடியில், நட்டநடுத் தெருவில், ஊரே மறைகிற மாதிரி புகை கிளம்பியது. அது யார் வீட்டு அடுப்பு என்று அரசன் கேட்டான். காவலன் ஓடிப்போய் விசாரித்துவந்தான். வல்லபராயரின் சமையல்காரர்கள் அண்டாவும் நெருப்புச் சட்டியுமாக அனந்தபத்மர் வீட்டுக்குப் போனார்களாம். அனந்தபத்மரின் சமையல்காரர்கள் அதேபோல வல்லபராயர் வீட்டுக்கு வந்தார்களாம். எதிரெதிரே முட்டிக்கொண்டு யாரும் வழிவிடவில்லை. பாயசம் கெட்டுவிடுமென்று அங்கேயே கல்லைக் கூட்டி அடுப்பு மூட்டிவிட்டார்கள்.

"சம்பந்தி வீட்டில் போய்ச் சமைக்கச் சொன்னார்களாம், மகாராசா" என்றான் காவலன்.

"இரண்டு வரிசையும் ஒத்துப்போனது இந்த ஒரு விஷயத்தில்தான்" என்றார் திருமேனியார்.

அரசன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தபோது சிரிப்பு நின்றது. "அந்தத் தெருவில் ஏன் புகையே இல்லை?"

"அது நெசவாளர் தெரு. அவர்களுக்கு அடுப்பை அனுப்பிவைக்கச் சம்பந்தி மாளிகை இல்லை, அணைத்துவிட்டார்கள். பௌர்ணமிக்கு ஊரைவிட்டே போகிறார்கள். இத்தனை நாளும் சபையில் அவர்களைப் பற்றித்தான் பேசினோம், மகாராசா. அவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை."

அரசன் தான் உடுத்தியிருந்த வேட்டியைத் தடவிப் பார்த்தான். அந்தத் தெருவில் நெய்ததுதான். வெட்கமாக இருந்தது அவனுக்கு. இனி மாளிகைகளுக்கு மட்டும்தான் அடுப்பு வரி என்று அங்கேயே உத்தரவு போட்டான். பிறகு தலைவர்கள் பக்கம் திரும்பினான். "நெசவாளர் தெருவில் கூரை தவறாமல் புகை வரும்வரை நீங்கள் இருவரும் இங்கே நின்று பார்க்க வேண்டும். அதற்கப்புறம் கோபுரத்தை இடித்துவிடலாம்." காதுகுத்து விருந்து அவர்கள் இல்லாமலே நடந்தது.

என்ன பரிசு வேண்டும் என்று அரசன் கேட்டதற்கு, சபையிலிருந்து விடுதலை வேண்டும் என்றார் திருமேனியார்.

"அதை மட்டும் கேட்காதீர். நீர் போனால் இவர்கள் பேச்சை நானல்லவா கேட்க வேண்டும்" என்று சொல்லிப் பொன்மாலையைப் போட்டான் அரசன்.

மாலையோடு அவர் நெசவாளர் தெருவுக்கு நடந்தார். செங்கம்மா கண்ணைக் கசக்கிக்கொண்டு அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். கோபுரத்தின் மேலிருந்து சத்தம் கேட்டது. என் கோபுரத்தால்தான் இந்தப் புகையே கண்ணில் பட்டது என்று ஒரு குரல். வேவு கூடாதென்று நான் அன்றைக்கே சொன்னேனே என்று இன்னொரு குரல்.

"மேல யாருங்கய்யா கத்துறது?" என்று கேட்டாள் அவள்.

திருமேனியார் அடுப்புக்குப் பக்கத்திலேயே அலுப்போடு உட்கார்ந்தார்.

"அதை விடும்மா. கஞ்சி பொங்குது பார்."